சின்னத் துரையின் காருக்கு டயர் தேர்ந்தெடுத்த கதை

போன மாதம் ஜொகூர் பாருவுக்குப் பக்கத்து உலு திராமில், சக்கரத்துக்குக் காற்று அடிக்க என் மகன் காரை ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தினான். வாசலில் மூன்று இளைஞர்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. மூன்று பேருமாகச் சேர்ந்தால் தூக்கியே ஓரமாக வைத்துவிடலாம், அவ்வளவு இலேசான வண்டி. ஞாயிற்றுக்கிழமை அதைப் பாசிர் கூடாங் பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறார்களாம். எந்த டயர் போடுவது என்பதுதான் தகராறு. ஒருவன் வழவழப்பான புத்தகம் ஒன்றை மற்றவன் முகத்துக்கு நேரே பிரித்துக் காட்டி, "புத்தகத்துலயே போட்டிருக்கான்லா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் என் கையைப் பிடித்துக் காருக்குள் உட்கார வைத்தான். வயசானவர் தனியாகச் சிரித்தால் பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கும் போலிருக்கிறது. அவனுக்கு எங்கே தெரியும், அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே நான் ஏழு வருஷம் சோறு தின்றவன்.

புது டயருக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் காலத்தில் டயர்கள் பழுப்புத் தாளால் சுற்றப்பட்டு, கட்டுப் போட்ட கால் மாதிரி கப்பலில் வந்து இறங்கும். தாளை உரிக்க உரிக்க அந்த வாசனை கடை முழுக்கப் பரவும். கூலிக்காரர்கள் இருட்டில் எழுந்து போய் ரப்பர் மரப் பட்டையை வெட்டிப் பால் எடுத்து, ஷீட் அடித்து, புகை போட்டு அனுப்பிய ரப்பர்தான் அது. கடல் கடந்து போய், ஒரு பெயரைக் குத்திக்கொண்டு, யாரோ பெரிய மனிதனைப் போலத் திரும்பி வரும். நாங்களும் அதற்குப் பெரிய மனிதனுக்கான மரியாதை கொடுத்தோம்.

ஜொகூர் பாருவில், சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகும் சாலையில் இருந்தது கடை. முதலாளி ஒரு சீனத் தவுக்கே. மூவாரில் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்திருந்தேன் என்பதற்காக என்னை முன்மேசையில் உட்கார வைத்திருந்தார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கழுத்தில் டை கட்டிக்கொண்டு போவேன். டயர் கடையில் டை, அதுவும் அந்த வெக்கையில். கம்பெனிக் கேட்டலாக்கை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு தடவைகூட நான் வண்டி ஓட்டியதில்லை. யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை.

ஒருநாள் ஒரு சின்னத் துரை வந்தார். உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உதவி மானேஜர். சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ரப்பரைப் பற்றியும் மழையைப் பற்றியும் தமிழர்களைப் பற்றியும் எல்லாம் தெரிந்துவிட்டது. பச்சை நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். துரைமார் கிளப் அவருடைய தோட்டத்துச் செம்மண் சாலையிலேயே கார்ப் பந்தயம் வைக்கிறது, அதற்கு இருப்பதிலேயே சிறந்த டயர் வேண்டும் என்றார். எதற்குச் சிறந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். சீமையில் சிமெண்டுத் தடத்தில் ஓடும் ராட்சசக் கார்களுக்காகச் செய்த பந்தய டயர் அது. தடியானது, அகலமானது. உள்ளே அடுக்கடுக்காகத் துணி வைத்து, உதைத்தால் கால்தான் வலிக்கும் என்கிற அளவுக்குக் கெட்டியாகச் செய்திருந்தார்கள். துரை படத்தைப் பார்த்துக் கிறங்கிவிட்டார். மட்கார்டில் இடிக்குமே என்று தவுக்கே இழுத்தார். மட்கார்டைக் கழற்றி எறியுங்கள் என்று துரை சொல்லிவிட்டார்.

டயர் வந்து இறங்கி மாட்டிக்கொண்டிருந்த அன்றைக்கு வேதமுத்து அண்ணன் கடைக்கு வந்திருந்தார். அதே தோட்டத்தின் லாரி டிரைவர். புகை போட்ட ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு, அதே செம்மண் சாலையில், வெயிலிலும் அடைமழையிலும் பன்னிரண்டு வருஷமாகப் போய்வருகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். பச்சைக் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, டயர் கொஞ்சம் நசுங்கினாத்தான் மண்ணப் புடிக்கும். இந்த வண்டிக்குக் கோழி எடை. இது எங்க நசுங்கப் போவுது?" என்றார்.

மெல்லிய டயராக இருந்தால் மேலே இருக்கிற சேற்றை வெட்டிக்கொண்டு கீழே கெட்டி மண்ணில் போய் உட்காரும், இது சேற்றின் மேலேயே மிதக்கும் என்று விளக்கமும் சொன்னார். நான் டையைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்திலேயே போட்டிருக்கிறான் அண்ணே என்றேன். பக்கத்தில் டயர் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பிட்டர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டவும் செய்தேன். லாரிக்காரனுக்கு என்ன தெரியும் என்பது அதற்கு அர்த்தம். இன்று நினைத்தால், அந்தக் கண்ணைப் பிடுங்கிப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்துப் பந்தயங்களில் துரை பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காருவான். வண்டி வளைவில் ஒரு பக்கமாகத் தூக்காமல் இருக்க, உடம்பை வெளியே சாய்த்து எடை கொடுப்பது அவன் வேலை. மூட்டை வைக்கலாம், ஆனால் மூட்டைக்குச் சாயத் தெரியாது. சின்னத் துரை அந்த வேலைக்கு வேதமுத்து அண்ணனை அமர்த்தினார். அமர்த்தினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஏறு என்றார், அவர் ஏறினார்.

முதல் ஒத்திகை அன்று மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. புகைக்கூடத்துப் பக்கத்து வளைவில் கார் திரும்பவே இல்லையாம். எண்ணெய்ச் சட்டியில் விட்ட மீன் மாதிரி நேராக வழுக்கிக்கொண்டு போய் வடிகாலில் கவிழ்ந்தது. துரைக்குத் தொப்பி நனைந்தது. வேதமுத்து அண்ணனுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. அவன் சரியாகச் சாயவில்லை என்று துரை கிளப்பில் சொன்னாராம். கிளப்பில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்களாம். டயரைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. விலை உயர்ந்த பொருளைச் சந்தேகப்படுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

இப்போது கதை என் பக்கம் திரும்புகிறது. பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது துரை கடைக்கு வந்தார். டயரைப் பற்றி இவ்வளவு தெரிந்த நீயே பக்கத்தில் உட்கார் என்றார். தவுக்கேயும் மகிழ்ச்சியோடு தலையாட்டினார், கடைக்கு விளம்பரம் ஆயிற்றே.

அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். என் உயிர் என்று வந்ததும் கேட்டலாக்கை நான் ஒரு வரிகூட நம்பவில்லை, அதைக் கவனியுங்கள். வேதமுத்து அண்ணன் கூலிக்காரர்களின் லயத்து வீட்டு வாசலில் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கடைப் பின்கட்டில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, கழித்துப் போட்ட பழைய டயர்க் குவியலைக் கிளறச் சொன்னார். யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் காரிலிருந்து கழற்றிய மெல்லிய டயர்கள் அதில் இருந்தன. பக்கச் சுவர் இளகியவை. நடுவில் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் ஓரப் பற்கள் கூராகவே இருந்தன. வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்து வளைத்துப் பார்க்கச் சொன்னார். நான்கை எடுத்து, ஒன்றை ஒதுக்கினார். மாட்டிய பிறகு, நல்ல கைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தபடி காற்றைக் குறைக்க வைத்தார். முன்சக்கரத்துக்கு ஒரு கணக்கு, பின்சக்கரத்துக்கு ஒரு கணக்கு. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

துரையை எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்கிறீர்களா? லாரி டிரைவர் சொன்னான் என்றால் காறித் துப்பியிருப்பார். வெப்ப நாடுகளுக்கென்று புதிதாக ஒரு துணைக் கேட்டலாக் வந்திருக்கிறது, அதில் இப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன். அப்படி ஒரு கேட்டலாக் உலகத்திலேயே கிடையாது. துரை உடனே தலையாட்டினார். அச்சடித்தது என்றால் போதும் அவருக்கு. சரியாக என்னைப் போலவே.

பந்தயத்தன்று காலையில் மழை. நான் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்ததால் பெரிதாக ஒன்றும் பார்க்கவில்லை. புகைக்கூடத்து வளைவில் மட்டும் கண்ணைத் திறந்தேன். கார் சேற்றை அறுத்துக்கொண்டு, தண்டவாளத்தில் போகிற மாதிரி திரும்பியது. எங்களுக்கு முன்னால் போன பெரிய கார்கள் ஒவ்வொன்றாக வடிகாலில் கிடந்தன. சின்னத் துரை வெள்ளிக் கோப்பை வாங்கினார். வேதமுத்து அண்ணன் கூலிக்காரர்களோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் டயர்க் கம்பெனி ஏஜெண்டு படம் எடுக்க ஆளை அனுப்பினார். பழைய டயர்களைக் கழற்றிவிட்டு, அந்தத் தடித்த டயர்களை மறுபடி மாட்டச் சொன்னார்கள். மாட்டினோம். துரை கோப்பையோடு நின்று சிரித்தார். இந்த டயர்களால்தான் வென்றேன் என்று துரை எழுதியதாக ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். அதைத் தட்டச்சு செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? தவறில்லாத இங்கிலீஷ் என்று ஏஜெண்டு என்னைப் பாராட்டினார். நான் பல்லைக் காட்டினேன்.

ஒரு மாதம் கழித்துச் சிங்கப்பூர் இங்கிலீஷ் பத்திரிகையில் படமும் கடிதமும் வந்தன. வேதமுத்து அண்ணன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கட்டு அவிழ்த்திருந்தார்கள், எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. லாரிக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று பேச்சு அடிபடுவதாகச் சொன்னார். பிறகு தாளை என் மேசையில் வைத்துத் தடவி நேராக்கினார்.

"இதுல என் பேரு போட்டிருக்காங்களா, தம்பி?"

கடை நிறைய ஆட்கள். நான் எழுதிய கடிதம், என் கண் முன்னால். இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று கேட்பார். நான் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இருக்குண்ணே, இங்க இருக்கு" என்றேன். அந்த வரியில் இருந்தது டயரின் அளவு.

அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதை என்ன செய்வார் என்று நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை, ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டில், எல்லார் முன்னாலும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் அதை நீட்டியிருக்கிறார். பேப்பரிலேயே என் பேர் வந்திருக்கிறது, துரையிடம் காட்டுங்கள், லாரியை என்னிடமே விடச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். கிராணி சத்தமாகப் படித்து, வரிவரியாகத் தமிழில் சொல்லி, உன் பேர் எங்கேப்பா என்று கேட்டானாம். பெரட்டு முழுக்கச் சிரித்ததாம்.

ஒரு வாரம் கழித்து அவர் கடைக்கு வந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்து மேசைக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி. நான் அதைக் கொண்டுபோயி நீட்டியிருக்க மாட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கேட்கவில்லை. ஏதோ சரக்குக் கணக்குப் பார்ப்பதுபோல் கேட்டலாக்கைப் புரட்டினேன். தலை நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். லாரி வேறு ஒருவன் கைக்குப் போயிற்று. கோணல் கையோடு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கவும் முடியாமல், அவர் குடும்பத்தோடு எங்கோ கிளம்பிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அந்த வருஷம் தலைமைக் குமாஸ்தா என்ற பட்டம் கிடைத்தது.

சின்னத் துரை சீமைக்குத் திரும்பினார். துரைமார் கிளப்பை ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் மாட்டுக்கொட்டகை ஆக்கினார்கள், எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தவுக்கேயின் கடை இருந்த இடத்தில் இப்போது பேங்க் நிற்கிறது. செம்மண் சாலை தாருக்குக் கீழே போய், புகைக்கூடத்தை இடித்து வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். வேதமுத்து அண்ணன் எந்த ஊருக்குப் போனார் என்று அன்றே தோட்டத்தில் போய்க் கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்பதற்குத் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை, அவரைத் தெரிந்த ஒரு ஆளும் இல்லை.