கூடுதலாக ஒரு பச்சை

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சந்தில் ஒரு வைகாசிப் பௌர்ணமியன்று எல்லா மாடிகளிலும் பௌத்தக் கொடி பறக்க, எங்கள் மாடியில் மட்டும் வேறொரு கொடி பறந்தது. அதில் வெள்ளைப் பட்டை இல்லை. பச்சையும் ஊதாவும் இருந்தன. பட்டைகள் மேலிருந்து கீழாக இறங்காமல் படுக்கையாக ஓடின. ஏற்றியவள் நான். அப்போது நான்காம் வகுப்பு. கொடி கட்டுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது, அன்று காலை வரை.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. சுரங்கத்தை மூடிய பிறகு, தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனவர்கள் ஒருநாள் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார்கள். புத்தரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சந்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட பௌத்த மன்றம் இருந்தது. ஞாயிறு காலையில் அங்கே வந்தனம் என்கிற வழிபாடு. மன்றத்தின் செயலாளர் பெரியப்பா, அதாவது பெரியம்மாவின் கணவர். சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் தங்கியிருந்ததால் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். அதட்டுவதற்கு மட்டும் மூச்சு போதுமானதாக இருந்தது.

வந்தனத்தை நடத்துவது மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில் இருந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிப்ட். சரணத்தையும், கொல்ல மாட்டேன், திருட மாட்டேன் என்று உறுதி எடுக்கிற ஐந்து சீலங்களையும் அவர் பாலியில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்வோம். பாலி எங்களில் யாருக்கும் தெரியாது. மாமாவின் குரல் நன்றாக இருந்தது. அது போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு ஒரு நண்பரும் வருவார். மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். அதே கம்பெனி, அதே ஷிப்ட். மத்தூர் வடை இல்லாமல் வந்ததில்லை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டேன். வீட்டில் யாரும் பதில் சொல்லாததால் நானே ‘ஃப்ரெண்ட் மாமா’ என்று வைத்துக்கொண்டேன். அதை முதன்முதலில் கேட்டபோது அவர் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வைகாசியில் மாமாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெரியப்பா கொண்டுவந்த இடம். பெண் தங்கவயலில் மாரிக்குப்பம். டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு எல்லோரும் போய்ப் பார்த்து, தட்டு மாற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சாப்பாடுதான் குறைந்தது. சோற்றைத் தட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்துகொள்வார். ஃப்ரெண்ட் மாமாவும் வருவதை நிறுத்தியிருந்தார். அதனால் வடையும் வரவில்லை. என்னுடைய கவலை அதுதான்.

ஒருநாள் அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கேட்டாள். “ஏன்டா, பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லேன்.”

“சொன்னா அப்புறம் நான் எங்க போறது அக்கா?” என்றார் மாமா.

மாடிக்குப் போகலாமே என்று நான் நினைத்தேன்.

பௌர்ணமி அன்று ஊர்வலம் கிளம்புவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் கொடி ஏறியிருக்க வேண்டும். பெரியப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே சந்தில் ஒரு சுற்று வருவார். கொடி தரையில் படக் கூடாது, கசங்கக் கூடாது, அழுக்கு இருக்கக் கூடாது. நான் எங்கள் கொடியை எடுத்துப் பிரித்தேன். போன வருட மழையில் சிவப்பு கரைந்து வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. நடுவில் எலி வேறு கடித்திருந்தது. மன்றத்துக்கு ஓடினேன். அம்மா அங்கே பெரிய அண்டாவில் பாற்சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். புத்தருக்கு ஞானம் கிடைப்பதற்கு முன்னால் ஒரு பெண் பாற்சோறு கொடுத்தாளாம். அதனால் எங்களுக்கும் அன்று பாற்சோறு.

“மாமா புதுசு வாங்கி வெச்சிருக்கான். ரூம்ல இருக்கும், எடுத்துக் கட்டு. பெரியப்பா பாத்தா கத்துவாரு, ஓடு” என்றாள்.

மாமா ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. அறை திறந்துதான் இருந்தது. பீரோவின் கீழ்த்தட்டில், சட்டைகளுக்கு அடியில், நான்காக மடித்த வழுவழுப்பான துணி. அதன்மேல் அட்டையில் செய்த சிங்க முகமூடி. முகமூடியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எதுக்கு மாமா என்று கேட்டதற்கு “வெயிலுக்கு” என்று சொல்லியிருந்தார். அதைத் தள்ளி வைத்துவிட்டுத் துணியைப் பிரித்தேன். பட்டை பட்டையாக நிறங்கள். கடையில் வாங்கிய பௌத்தக் கொடி பீரோவின் தலைமேல், பாக்கெட் பிரிக்காமல், என் உயரத்துக்கு எட்டாத இடத்தில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பச்சை கொஞ்சம் நெருடத்தான் செய்தது. ஆனால் புதுசு என்றால் ஏதாவது கூடுதலாக இருக்கும். சோப்பிலும் பேஸ்ட்டிலும் அப்படித்தானே வருகிறது. மூங்கிலில் கட்டி நிறுத்தினேன். சந்திலேயே எங்கள் கொடிதான் அழகு.

வெள்ளை உடுத்தியவர்கள் எங்கள் வாசலில் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். பெரியப்பா அண்ணாந்தார். இறங்கி வா என்று கையைக் காட்டினார்.

“ஏ பொண்ணு, இது என்ன கொடி?”

“புதுக் கொடி பெரியப்பா.”

“பச்சை எங்கிருந்து வந்துச்சு?”

பெரியம்மா எனக்காகப் பரிந்து பேசினார். “ஜப்பான்ல இப்படி இருக்குமோ என்னமோ.”

“ஜப்பான் இல்லக்கா, திபெத். மைசூர் பக்கத்துல அவங்க இருக்கற பைலகுப்பேக்கு டூர் போனப்ப நானே பாத்தேன், அங்க இப்படித்தான் கலர் கலரா கட்டியிருந்தாங்க” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், மிகுந்த உறுதியோடு.

தெருமுனை ஏசி மெக்கானிக் அண்ணன் பொறுக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். “ஜப்பானும் இல்ல, திபெத்தும் இல்ல. போன நவம்பர்ல டவுன் ஹாலுக்கு ஊர்வலம் போனாங்களே, ஆம்பளைய ஆம்பளையே லவ் பண்றவங்க. அவங்க கொடி இது.”

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

அந்த நேரத்தில்தான் மாமாவும் ஃப்ரெண்ட் மாமாவும் பைக்கில் வந்து நின்றார்கள். பல வாரங்களுக்குப் பிறகு ஃப்ரெண்ட் மாமாவைப் பார்த்தேன். கையில் எண்ணெய் படிந்த பொட்டலம் இருந்ததையும் பார்த்தேன். மாமா பார்த்தது கொடியை.

“யாரு குடுத்தா உனக்கு இதை?” என்று பெரியப்பா என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பைக்கிலிருந்து இறங்கினார். ஃப்ரெண்ட் மாமா அவர் சட்டை முனையைப் பிடித்து, “பேடா, சும்னிரு” என்றார். வேண்டாம், பேசாமல் இரு என்று கன்னடத்தில். மாமா சட்டையை விடுவித்துக்கொண்டார்.

“என்னோடது. என் பீரோல இருந்தது. பாப்பாவைத் திட்டாதீங்க.”

“உன்னோடதுன்னா?”

“அந்த ஊர்வலத்துல நானும் போனேன்.”

பெரியப்பா கொடியை மறுபடி அண்ணாந்து பார்த்தார். மூச்சு வாங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். கையில் அண்டாவின் கரண்டி. அதிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான்தான் தைச்சேன் மாமா” என்றாள் பெரியப்பாவைப் பார்த்து. அக்காள் கணவரை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

அது உண்மை. அம்மா கார்மெண்ட்ஸில் டெய்லர். மாமா ஆறு நிறத்தில் சாட்டின் துணி வாங்கிவந்து, ஆபீஸ் விழாவுக்கு என்று சொல்லி, வீட்டு மெஷினில் தைத்து வாங்கியதை நானும் பார்த்திருக்கிறேன்.

“தெரிஞ்சுதான் தைச்சியா?”

“ஆரம்பிக்கும்போது தெரியாது. முடிக்கும்போது தெரிஞ்சுது.”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “போய் இறக்கு.”

நான் மாடியில் முடிச்சை அவிழ்க்கும்போது கீழிருந்து அதே அதட்டல் குரல் வந்தது. “பாத்து! தரையில படக் கூடாது. ஒழுங்கா மடிச்சு எடுத்துட்டு வா.” ஒவ்வொரு வருடமும் எங்கள் கொடிக்குச் சொல்வது அதுதான். மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். ஃப்ரெண்ட் மாமாவிடம் நீட்டினார். “இட்கொள்ளி” என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்று, மரியாதைக் கன்னடத்தில். அதுவரை அவரோடு பெரியப்பா பேசி நான் கேட்டதில்லை.

“நேரமாச்சு மச்சான். ஆரம்பி.”

மாமா ஆரம்பித்தார். சரணம் மூன்று முறை. முதல் சீலம். இரண்டாம் சீலம். அதோடு குரல் நின்றுவிட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். இரவு முழுக்கக் கண்விழித்ததில் மாமா மறந்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு ஐந்தும் மனப்பாடம். மூன்றாவது வரியை நானே சத்தமாகச் சொன்னேன். முதலில் பெரியப்பாவின் கரகரத்த குரல் திருப்பிச் சொன்னது. அதன் பின்னால் சந்து முழுவதும் சொன்னது. நான்காவதிலிருந்து மாமா தொடர்ந்தார். ஊர்வலத்தைக் காப்பாற்றியவள் நான்தான் என்ற நினைப்பில் அன்று முழுவதும் திரிந்தேன்.

மத்தியானம் பாற்சோறு தீர்ந்த பிறகு, மன்றத்துப் படியில் உட்கார்ந்து நான் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மாவும் பெரியப்பாவும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த ஞாயிறு போகவேணாம் மாமா. பொண்ணு வீட்டுக்குச் சொல்லிடுங்க.”

“காலையில எந்த எடத்துல நின்னான், கவனிச்சியா? காமத்துல தப்பா நடக்க மாட்டேன்னு சொல்ற எடத்துல. அவனுக்கே தெரியுது.”

“அந்தப் பொண்ண நெனச்சு நின்னிருப்பான். பிடிக்காம அவளைக் கட்டி, ஆயுசுக்கும் ஏமாத்துனா அதுதான் தப்பு. இப்ப யாரு கெட்டுப்போனாங்க, சொல்லுங்க?”

“நான் குடுத்த வாக்கு என்னாவறது?”

“உங்களுக்கு வாக்கு. அவளுக்கு வாழ்க்கை மாமா.”

பிறகு பெரியப்பா போனை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்று தங்கவயலுக்குப் பேசினார். “தப்பு என் பக்கம்தாங்க. பையனைக் கேக்காம வாக்கு குடுத்துட்டேன்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. தன் தப்பு என்று அவர் சொல்லிக் கேட்டது அதுவே முதல்முறை என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பெரியப்பா அன்றோடு மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. வந்தனம் நடக்கும் நேரம் தவிர, பல மாதங்கள் மாமாவோடு அவர் பேசவில்லை. ஆனால் வந்தனத்தை நடத்த வேறு ஆளைத் தேடவும் இல்லை. ஃப்ரெண்ட் மாமா மறுபடி வரத் தொடங்கினார். மன்றத்தில் முதலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் கொடுக்கும் வடையைப் பெரியப்பா கையில் வாங்க மாட்டார். தட்டில் வைத்தால் எடுத்துக்கொள்வார். தட்டில் வைத்தார்கள்.

இன்று நான் ஒரு நாளிதழில் வேலை செய்கிறேன். மாமா மாதிரியானவர்களின் காதல் குற்றமா இல்லையா என்று நீதிமன்றங்கள் மாறி மாறிச் சொல்லி, கடைசியில் குற்றமில்லை என்று முடிந்ததன் ஆண்டு நிறைவுச் செய்தியைத் திருத்தியவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்துக்குப் படம் தேடியபோது, இந்த நகரத்தின் ஆரம்ப கால ஊர்வலப் படங்கள் கிடைத்தன. நிறையப் பேர் முகமூடி போட்டிருந்தார்கள். பூனை, புலி, பளபளக்கும் காகிதம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார், ஆபீஸில் தெரிந்துவிடும், ஊரில் அப்பா பேப்பர் பார்ப்பார் என்று ஒவ்வொரு முகமூடிக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்திருக்கும். ஒரு படத்தின் ஓரத்தில் அட்டைச் சிங்கம் ஒன்று தெரிந்தது. அது மாமாதானா என்று சொல்ல முடியாது. அதற்காகத்தானே அதைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பௌர்ணமிக்குப் பிறகு வந்த நவம்பரில் ஒரு ஞாயிறு, வந்தனம் முடிந்ததும் மாமா மாடிக்குப் போய் நல்ல சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். வாசலில் ஃப்ரெண்ட் மாமா பைக்கை உறுமவிட்டுக் காத்திருந்தார். அம்மா தைத்த கொடி அவர் தோளில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. நான் படியேறிப் போய்ப் பார்த்தேன். சிங்க முகமூடி கட்டில்மேல் அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

“மாமா, வெயிலுக்கு இதை மறந்துட்டீங்க!”

மாமா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தில் வைத்து எலாஸ்டிக்கைத் தலைக்குப் பின்னால் மாட்டிவிட்டார்.

“நீ வெச்சுக்கோ பாப்பா. எனக்கு இன்னைக்கு வெயில் இல்ல.”

பைக் கிளம்பியது. முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாகச் சந்தைப் பார்த்தேன். மன்றத்துத் தகரக் கூரை கண் கூசும்படி மின்னியது. படியில் நின்ற பெரியப்பா நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு பைக் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு படித்த மாமாவுக்கு இவ்வளவு வெயில் எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.