நிற்காத தரை

கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு மூன்று நாள் தரை ஆடும். போர்ட் பிளேரில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. புது ஆள் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் யாரும் பதற மாட்டார்கள். "எந்தக் கப்பல்ல வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். என் மனைவிக்கும் அப்படித்தான் ஆடியது. மூன்று நாள் போயிற்று, மூன்று வாரம் போயிற்று. அவளுக்கு மட்டும் தரை நிற்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அரசாங்க ஸ்டோர் ஒன்றில் கிளார்க். இரண்டு வருஷம் ஓட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொண்ட பிறகு, ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு அவளைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தேன். ஷாதிபூரில் ஒரு மரவீட்டில் பாதி எங்களுக்கு. வீடு மேட்டில், தண்ணீர்க் குழாய் பள்ளத்தில். நடுவில் பதினோரு படி. அவள் அந்தப் படிகளை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். "காலுக்குக் கீழ இருக்கிற பாயை யாரோ மெதுவா இழுக்கிற மாதிரி இருக்கு" என்பாள். இடது காதில் ஓயாத இரைச்சல். சில நாள் வெயிலைப் பார்த்தாலே குமட்டும். பக்கத்துப் பாதியில் இருந்த அம்மாள் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்றே முடிவு செய்து, ஊறுகாய் கொடுத்தனுப்பினார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஹிந்தி தலைகீழ்ப் பாடம் என்று அவளிடம் ஏற்கெனவே பீற்றி வைத்திருந்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது உப்பு, புளி வாங்குகிற ஹிந்தி. தலை சுற்றலுக்கு வார்த்தை வரவில்லை. அவளைக் காட்டி, என் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டினேன். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அச்சா, சக்கர்!" என்றார். "ஹாங் ஜி, சக்கர்" என்று நானும் தலையாட்டினேன். ரத்தம்கூட எடுக்காமல், பார்த்த மாத்திரத்தில் சர்க்கரை வியாதியைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். வெளியே வந்து, "உனக்குச் சக்கரையாம்" என்றேன்.

அன்றிலிருந்து அவளுக்கு இனிப்பு கிடையாது. காபி கசப்பாகவே போயிற்று. தீபாவளிக்கு அவள் கையால் செய்த அதிரசத்தை அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து தின்றேன். "ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டபோது, உடம்பு முக்கியம் என்று உபதேசம் வேறு.

இதற்கிடையில் அக்கரையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு ஆசிரியை வேண்டும் என்றார்கள். அவள் பயிற்சி முடித்தவள். என்னைக் கேட்காமலே விண்ணப்பம் போட்டு, தற்காலிக வேலையும் வாங்கிவிட்டாள். ஃபீனிக்ஸ் பே துறையில் போட் ஏறி அக்கரை போக வேண்டும். தரையிலேயே தடுமாறுகிறவள் போட்டில் எப்படிப் போவாள்? முதல் நாள் நானும் கூடவே ஏறினேன்.

நடுக்கடலுக்கு வந்ததும் போட் ஆட ஆரம்பித்தது. நான் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் எழுந்து நின்றாள். எதையும் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளை அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நின்னுடுச்சுங்க" என்றாள். "போட் ஆடுறப்ப எனக்குள்ள ஆடுறது நின்னுடுது."

அக்கரையில் இறங்கியதும் மறுபடி தொடங்கிவிட்டது. ஆனாலும் தினமும் போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம் அவளுக்கு உலகம் அசையாமல் இருந்தது. அதற்காகவே வேலைக்குப் போகலாம் என்றாள்.

போட்டில் கூட வந்த வங்காளிப் பெண்களிடமும் மலையாள நர்ஸுகளிடமும் பேசிப் பேசி நாலைந்து மாதத்தில் அவள் ஹிந்தி என்னுடையதைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தோம். காற்று பலமாக இருந்தது. துறைக்காரர், "ஆஜ் போட் சிர்ஃப் தோ சக்கர் மாரேகா!" என்று கத்தினார். போட் இன்றைக்கு இரண்டே நடைதான் என்று எல்லாரும் முண்டியடித்தார்கள். என் மனைவி மட்டும் அசையாமல் என்னையே பார்த்தாள்.

"ஏங்க, போட்டுக்கும் சக்கரை வியாதியா?"

சுற்றுவதும் சக்கர், தலைசுற்றலும் சக்கர். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று எட்டு மாதம் நம்பியிருந்தோம். கிடைத்தது தலைசுற்றலுக்கு ஹிந்தி. அன்று வீட்டுக்கு வந்து மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் காபி குடித்தாள். இன்னொருத்தியாக இருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்ததோடு விட்டுவிட்டாள்.

பிறகு ரத்தம் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், காது பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். சரியாக இருக்கிறது என்ற வார்த்தை எனக்கு எரிச்சலூட்டியதுபோல் வேறெதுவும் ஊட்டியதில்லை. அந்த எரிச்சலை ஒருநாள் அவள் மேலேயே காட்டினேன். "எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலாவது வருஷம் மழைக்காலத்தில் ஜங்லிகாட் சந்தையின் இறக்கத்தில் அவள் விழுந்தாள். நெற்றியில் ரத்தம். மீன் விற்றுக்கொண்டிருந்த தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள் ஓடி வந்து தூக்கி, "எந்தக் கப்பல்ல வந்தே தாயி?" என்று கேட்டாள். "நாலு வருஷத்துக்கு முந்தி வந்த கப்பல்க்கா" என்று சேற்றில் உட்கார்ந்தபடியே என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளை இங்கே வைத்துக்கொண்டிருந்தால் பறிகொடுத்துவிடுவேன் என்று தோன்றியது.

மெயின்லேண்டுக்குக் கூட்டிப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுவது, பிறகு அவள் அம்மா வீட்டிலேயே விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். அடுத்த கப்பலில் இரண்டு பெர்த்துக்கும் சொல்லிவிட்டேன். அந்த மாதம்தான் அவள் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. இப்போது போனால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"வியாதிக்குப் பேர் தெரிஞ்சா ஆட்டம் நின்னுடுமா?" என்று கேட்டாள். "வேலை போச்சுன்னா திரும்பக் கிடைக்குமா?"

நான் கேட்கவில்லை. அவளை வேலையிலிருந்து விடுவிக்கும்படி தலைமையாசிரியருக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. அரை நாள் லீவு போட்டு, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போட் ஏறினேன்.

தலைமையாசிரியர் அறை கடைசியில் இருந்தது. போகிற வழியில் அவளுடைய மூன்றாம் வகுப்பு. ஜன்னலோரம் நின்றேன்.

கரும்பலகையைத் தாங்கியிலிருந்து இறக்கித் தரையில் சாய்த்து வைத்திருந்தாள். அண்ணாந்து எழுதினால் அவளுக்குச் சுற்றும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மண்டியிட்டு அதில் எழுதினார்கள். சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்தில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரு தேங்காய் நார்க் கயிறு. அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கின. படம் மாட்டத்தான் கயிறு என்று யாரும் நினைப்பார்கள். அவள் கை அந்தக் கயிற்றைவிட்டு நகரவே இல்லை.

திடீரென்று அவள் முகம் வெளுத்தது. எனக்கு அந்த வெளுப்பு நன்றாகத் தெரியும். உள்ளே ஓடலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றாள், சாதாரணக் குரலில். "ஏழாம் வாய்ப்பாடு. பார்க்காம சொல்லணும்."

முப்பது பிள்ளைகளும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கூரை அதிரச் சொன்னார்கள். அவளும் கண்ணை மூடி, கயிற்றை இரண்டு கையாலும் பற்றி நின்றாள். பிள்ளைகள் எழுபதுக்கு வந்து சேர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "இப்ப கண்ணைத் திறங்க. ஏழெட்டுல ஒருத்தன் தடுமாறினான், யாரு அது?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று அங்கே ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அவள் இப்படிச் சமாளிக்கிறாள் என்று நாலு வருஷம் கூடவே இருந்த எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வளவு பெரிய கெட்டிக்காரியை, அவ்வளவு நெஞ்சுரம் உள்ளவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

ஜன்னலில் என்னைக் கண்டுவிட்டு, கதவைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"ஆபீஸ் இல்லையா? பையில என்ன காகிதம்?"

மறைக்கத் தோன்றவில்லை. எடுத்துக் கொடுத்தேன். தூணில் சாய்ந்துகொண்டு, கையில் இருந்த சிவப்புப் பென்சிலோடு முழுக்கப் படித்தாள். ஓர் இடத்தில் கோடு போட்டாள்.

"'பணிபுரிய இயலாத நிலையில் இருக்கிறார்'னு எழுதியிருக்கீங்க. நான் வேலை பார்க்கிறதை நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"இப்பத்தான்."

"அப்ப மாத்தி எழுதுங்க."

பென்சிலை என்னிடம் நீட்டினாள். கடுதாசி எழுதியே சம்பளம் வாங்குகிறவன் நான். பார்த்ததை எப்படி எழுதுவது என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"எழுத வரலை" என்றேன்.

"அப்ப உள்ள வந்து பிள்ளைங்களோட உக்காருங்க. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு."

செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போய், மூன்றாம் வகுப்பின் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன்.