வால்வைக் கழற்றிய கை

என் காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் காரின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்தான்; அவர்கள் சண்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைவிட இரண்டு வயது மூத்த கார், அதைச் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள், இவ்வளவு போதும். இன்றைக்கும் கார் நன்றாக ஓடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற வருஷம் அதை வாங்கினேன். பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது என் மனைவி வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ரிட்டயர் ஆன மனுசங்க காசிக்குப் போவாங்க. நீங்க பீர்மேட்டுக்குப் போயி இதையா கூட்டிட்டு வர்றீங்க?"

அதோடு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதைச் சிரித்துக்கொண்டே நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். பழைய கார் வைத்திருப்பவனுக்கு மனைவியின் திட்டும் ஒரு பெருமை.

ஒரு வருஷத்தில் எஞ்சின் புகை கக்க ஆரம்பித்தது. பீர்மேட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டில் பிறந்தவர். தாயும் தகப்பனும் கொழுந்து கிள்ளியவர்கள். பங்களாக் கார்களையெல்லாம் பல வருஷம் பார்த்தவர் அவர்தான். மெயின் ரோட்டில் தகரம் வேய்ந்த ஷெட். காரை லாரியில் ஏற்றி அவரிடமே அனுப்பினேன். நான்கு மாதம் வைத்திருந்தார். நான் தினமும் போன் பண்ணி உயிரை வாங்கினேன். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, அவசரப்பட்டதும் இல்லை.

பிஸ்டன் ரிங் கோயம்புத்தூரில் கிடைத்தது. வாட்டர் பம்பைப் பிரித்து, வேறொரு வண்டியின் பேரிங்கை அளவு பார்த்துப் போட்டு அவரே உயிர் கொடுத்துவிட்டார். கிடைக்காதது ஒன்றே ஒன்று, தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைச் சாமான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும், சூடானதும் திறந்து தண்ணீரை விடும். அந்த அளவில் புது வால்வு கடைகளில் கிடைக்கிறது. ஆனால் என் காரில் பழுதாகிப்போன பழைய வால்வுக்கு அடியில் பாவாடை மாதிரி ஒரு வளையம் இருக்கும். பாவாடையோடு இருக்கும் வால்வு எங்கேயும் இல்லை. கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். எங்கள் பழைய கார் வாட்ஸாப் குரூப்பில் எழுதிக் கேட்டேன். "அது எதுக்கு சார், வேஸ்ட்" என்று பதில் வந்தது.

கடைசியில் மெக்கானிக்தான் கண்டுபிடித்தார். சக்குபள்ளத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில், சக்கரம் இல்லாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்ட அதே மாதிரிக் கார் ஒன்று கிடந்ததாம். கோழி அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்ததாம். பஸ் ஏறிப் போய், தோட்டக்காரரைச் சம்மதிக்கவைத்து, அதிலிருந்து வால்வை எடுத்து வந்திருந்தார். காரை எடுக்க நான் போன அன்று, எதிர் டீக்கடையில் ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, வால்வை நூலில் கட்டி உள்ளே விட்டுக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அது மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"இத மட்டும் கழட்டிராதிய சார். மலை ஏறணும்னா இது வேணும்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. பெயிண்ட் எப்படி மின்னுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலக்காட்டு ஏப்ரல் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்கினால், டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்த கையோடு வால்வைக் கழற்றி எறிவார்கள். வெயில் நாட்டுக்கு அது ஆகாது, தண்ணீரை மறிக்கும், எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டால் சரியாகத்தான் தோன்றும். ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் ஒவ்வொருவராக என்னிடம் விசாரித்தார்கள். வால்வு இன்னும் உள்ளே இருக்கிறது என்று சொல்ல எனக்கே கூச்சமாகிப் பேச்சை மாற்றினேன். வீட்டுக்கு வந்து மூன்று நட்டைத் திருகினேன், வால்வை எடுத்து மேஜை டிராயரில் போட்டேன். அரை மணி நேர வேலை. அடுத்த நாள் சித்தூர் ரோட்டில் ஓட்டியபோது சூடு காட்டும் முள் கீழேயே கிடந்தது. வால்வைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். கைதட்டினார்கள்.

மே மாதம் குரூப்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மாட்டுப்பட்டி அணைவரை ஊர்வலம் போனோம். உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. மறையூர்வரை என் கார் ராஜாவாகப் போனது. அதைத் தாண்டிப் பெரிய ஏற்றம் தொடங்கியதும் முள் எழுந்தது. தேயிலைச் சரிவில் ஒரு வளைவில் பானெட்டிலிருந்து ஆவி பீறிட்டு நின்றுவிட்டேன். பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. சிலர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார்கள். அவர்கள் அக்கறையைவிட எனக்கு அவர்கள் கண்ணில் இருந்த சிரிப்புதான் தெரிந்தது.

"எஞ்சின் யார் சார் செஞ்சது?" என்று ஒருவர் கேட்டார்.

"பீர்மேட்டுக்காரன். ஏமாத்திட்டான். பழைய பம்பையே பூட்டித் தலையில கட்டிட்டான்."

அதுவரை அவரை நான் 'வாங்க, போங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். அந்த வளைவில் நின்று 'அவன்' என்றேன்.

வால்வு ஞாபகத்துக்கு வரவில்லையா என்று கேட்டால், வந்தது. ஆனால் அதை எடுத்தது குளிர்ச்சிக்கு நல்லது என்று உண்மையாகவே நம்பினேன். அதுவரைக்கும் நான் செய்தது முட்டாள்தனம் மட்டுமே. அன்று சாயங்காலம் மூணாறு லாட்ஜில் உட்கார்ந்து குரூப்பில் நீளமாக எழுதினேன். முப்பது வருஷம் மற்றவர்கள் மேல் குறிப்பு எழுதிப் பழகிய கை. மெக்கானிக்கின் ஊர், ஷெட் இருக்கும் இடம், பம்பில் நடந்த மோசடி, உறுப்பினர்களுக்கு எச்சரிக்கை எல்லாம் கோர்வையாக வந்து விழுந்தன.

மறுநாள் காலை டிபனுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மேஜையில் இருந்தபோது, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு மெக்கானிக் போன் செய்தார்.

"சார், வண்டி கொதிச்சுட்டாமே. வால்வு உள்ள இருக்குல்லா?"

எதிரில் நான்கு பேர் இட்லியைப் பிட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கு" என்றேன்.

"அப்ப நான் வந்து பாக்கேன் சார். எங்க நிக்குது?" என்றார். பீர்மேட்டிலிருந்து மூணாறுக்கு மலைப் பாதையில் பஸ் மாறி வருவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். இதை முட்டாள்தனம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அவரிடம் கார் தருவதாக இருந்த மூன்று உறுப்பினர்கள் பின்வாங்கினார்கள். அவர் ஷெட்டில் ஏற்கெனவே எஞ்சின் பிரித்துக் கிடந்த ஒரு காரைப் பாதியிலேயே லாரியில் தூக்கிக்கொண்டு போனார்கள். இதெல்லாம் என் காதுக்கு வந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன்.

மூன்று வருஷம் காரோடு மல்லுக்கட்டினேன். ரேடியேட்டருக்குப் புதுக் கோர், பெரிய ஃபேன், புதுப் பம்ப் என்று எதை மாற்றினாலும் சமதளத்தில் சமர்த்தாக ஓடும், ஏற்றத்தில் கொதிக்கும். கடைசியாகப் பொள்ளாச்சியில் ஒரு ரேடியேட்டர் கடைக்காரரிடம் போனேன். அவர் ரேடியேட்டரைத் தொடவே இல்லை.

"வால்வு இருக்குதுங்களா?"

"இல்லீங்க. எடுத்தாச்சு."

"அப்பறம் எங்கீங்க ஆறும்? இந்த எஞ்சின்ல தண்ணிக்கு ரெண்டு வழிங்க. ஒண்ணு ரேடியேட்டருக்கு, இன்னொண்ணு பொடி வழி, எஞ்சினுக்குள்ளயே திரும்பிப் போறதுக்கு. வால்வு தெறக்கறப்ப அதோட பாவாடை அந்தப் பொடி வழிய அடைச்சுப்போடும். நீங்க வால்வ எடுத்துப்போட்டா அது எப்பவும் தெறந்தே கெடக்கும். சூட்டுத் தண்ணி பாதி ரேடியேட்டருக்கே போகாம உள்ளயே சுத்தும். சமத்துல தெரியாதுங்க, மேட்டுல கொதிக்கும். யாருங்க கழட்டுனது?"

"யாரோ" என்றேன்.

வீட்டுக்கு வந்து டிராயரிலிருந்து வால்வை எடுத்து மாட்டினேன். அடுத்த நாள் தனியாக நெல்லியாம்பதி ஏறினேன். அத்தனை வளைவிலும் முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. மேலே போய்க் காரை நிறுத்தியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவ்வளவு வருஷம் கழித்து அன்றுதான் முதல்தடவை நான் அந்த பீர்மேட்டு மனிதருக்குப் பயந்தேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "எங்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க? அந்த மனுசன்கிட்டப் போயிச் சொல்லுங்க" என்றாள்.

காரில் போக எனக்கு முகம் இல்லை. பீர்மேட்டுக்குப் பஸ்ஸில் போனேன். ஷெட் இருந்த இடத்தில் டூரிஸ்டுகளுக்குச் சாக்லேட்டும் ஏலக்காயும் விற்கும் கடை இருந்தது. அவர் ஜீப் ஸ்டாண்டில் இருந்தார், யாருடைய ஜீப்பையோ சவாரிக்கு ஓட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் முகம் மாறாமல், "வாங்க சார்" என்றார். நின்றபடியே சொன்னேன். வால்வைக் கழற்றியது நான், இருக்கிறது என்று சொன்னது பொய் என்றேன்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"கேட்ட ஒடனே இருக்குன்னிய. உள்ளத நெனச்சுச் சொல்லுதவன் அவ்வளவு வெரசாச் சொல்ல மாட்டான்."

"அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னேன் சார். வண்டியத் தூக்கிட்டுப் போனவருகிட்ட சொன்னேன், வண்டி தாரேன்னு சொன்ன மூணு பேருகிட்டயும் சொன்னேன். 'சார்கிட்டக் கேட்டுட்டோம், வால்வு இருக்குன்னு சொல்லுதாரு'ன்னாவ. உங்க வார்த்தைக்கு மேல என் வார்த்தை நிக்குமா?"

என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன். அவர் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். ஏலப்பாறையில் மறுபடி ஷெட் போட ஒரு இடம் பார்த்திருக்கிறாராம். எங்கள் குரூப்காரர்களிலேயே இரண்டு பேர் கார் தருவதாக வந்து பேசியிருக்கிறார்கள். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். எங்க எழுதினியளோ அங்கயே எழுதுங்க. அது போதும்."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். திரும்பும் பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன். குமுளியில் எழுதியது உண்மையாக இருந்தது: 'வால்வைக் கழற்றியது நான். அவர் கேட்டபோது பொய் சொன்னேன்.' தேனி வந்தபோது பொய் என்ற வார்த்தையை எடுத்தேன். பழனி தாண்டியதும் நான் என்பதை எடுத்தேன். பொள்ளாச்சியில் இறங்கும்போது மிஞ்சியது இவ்வளவுதான்: 'என் கார் கொதித்ததற்கு வாட்டர் பம்ப் காரணமில்லை. தெர்மோஸ்டாட் வால்வு அகற்றப்பட்டதே காரணம் எனத் தெரியவந்துள்ளது. உறுப்பினர்கள் கவனிக்கவும்.' பம்ப் மோசடி என்ற பழி போய்விட்டதே, அவருக்கு அது போதாதா என்று மனசை ஆறுதல்படுத்திக்கொண்டு அனுப்பினேன். நன்றாகப் பூசி மெழுகியிருந்தேன்.

வீடு வந்து கை கால் கழுவுவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. "அடப்பாவி, அந்த பீர்மேட்டுக்காரன் வால்வையும் எடுத்துட்டானா?" "பாவாடை வால்வுக்கு இப்ப என்ன கிராக்கி. வேற எவனுக்காவது வித்திருப்பான்." படித்தேன். ஒரு வரி எழுதினால் போதும். விடிந்ததும் எழுதலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

விடிந்ததும் அவர் கூப்பிட்டார். கோபம் இல்லை, களைத்த குரல்.

"சார், நீங்க எழுதினத எனக்கு அனுப்பியிருக்காவ. வண்டி தாரேன்னு சொன்ன ரெண்டு பேரும் போன் பண்ணி, அந்த வால்வ என்ன செஞ்சேன்னு என்கிட்டக் கேக்காவ. என்ன சொல்லட்டும்?"

போனை வைத்த கையோடு எழுதினேன். இந்தத் தடவை எதையும் எடுக்கவில்லை. கழற்றியது, டிராயரில் போட்டது, பொய் சொன்னது, பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாக அழித்தது, எல்லாவற்றையும் எழுதினேன். பத்து நிமிஷத்தில் குரூப் நிரம்பிவிட்டது. 'எத்தனை பேருக்கு சார் இந்த நேர்மை வரும்', 'பெரிய மனசு சார் உங்களுக்கு', கைகூப்பும் படங்கள், பூச்செண்டுகள். அட்மின் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த சந்திப்பில் வால்வைப் பற்றி நான் பேச வேண்டும் என்றார்.

இருந்தும் அந்த இரண்டு பேரும் கார்களைக் கோயம்புத்தூரில் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார்கள். ஏலப்பாறை ஷெட் வரவில்லை. என் காரையாவது அவரிடம் விடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். "உங்க வண்டி எனக்கு வேண்டாம் சார்" என்றுவிட்டார். என்னைப் பாராட்டியவர்களில் ஒருவர்கூட அவர் நம்பரைக் கேட்கவில்லை.