ஷிஜியின் முகம் இருந்த சுவர்: பாறசாலையிலிருந்து ஆரியங்கோடு

இல்லை, பூவார் கடலுக்காகப் போகவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் போனது ஒரு எண்ணெய் மில்லின் சுவரைப் பார்க்க.

கூடப் படித்த ஒருத்தி படம் அனுப்பியிருந்தாள். சுவரில் ஒரு பெண்ணின் முகம், ஆறடி உயரத்தில். முகமெங்கும் வட்ட வட்டமாகச் செம்மண் கறை. கீழே தமிழிலும் மலையாளத்திலும் தேங்காய் எண்ணெய் விளம்பரம். 'கல்லூரி கால்பந்து அணியில் ஆடுகிறவள். சனிக்கிழமை அவளைக் கேட்டு ஆள் வருகிறது. போய்விடுவாள் போலிருக்கிறது' என்று எழுதியிருந்தாள். பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

விளையாட்டுக்காரர்களுக்கு விளம்பரப் பணம் வருவது நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்று யோசித்ததில்லை. சின்னக் கல்லூரியின் மைதானத்தில் நின்று பார்க்கும்வரை அது தெரியவும் தெரியாது.

நாகர்கோவில் ஜங்ஷனில் காலை 6.35 பாசஞ்சர். பாறசாலைக்கு 41 கிலோமீட்டர், டிக்கெட் 15 ரூபாய். குழித்துறை தாண்டியதும் ரப்பர். பெட்டியில் பேச்சு மலையாளமாக மாறுவதைக் கவனிக்க வேண்டுமென்று உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 7.40க்கு இறங்கினேன். புட்டு, கடலைக் கறி, கட்டன் சாயா: 60 ரூபாய். ஆரியங்கோட்டுக்கு நேரடி பஸ் குறைவு. அரை மணி நேரம் நின்றேன். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், 20 ரூபாய், நாற்பது நிமிடம்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ. எழுபது ரூபாய். ஓட்டுநர் பெயர் சசி. ஐம்பதை நெருங்கும் வயது. மில் சுவரைப் பார்க்கவா என்று அவரே கேட்டார்.

"தனக்க மூஞ்சிய தானே சவுட்டுத ஒரே ஆளு அவதான் ஆக்கும்," என்றார். சவுட்டுவது என்றால் உதைப்பது. "மூக்குல பட்டா ஒண்ணு. நெத்தியில பட்டா அவளுக்கு கணக்கில்ல."

வழியெல்லாம் அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அந்தக் கல்லூரியில் பெண்கள் விடுதி இல்லை. வெளியூரிலிருந்து வரும் ஆட்டக்காரிகளை மைதானத்தைச் சுற்றியுள்ள வீடுகள் வீட்டுக்கொருத்தியாக ஏற்றுக்கொள்கின்றன. சோறும் படுக்கையும் அந்த வீட்டில். வீட்டுக்காரருக்குக் கடையோ தொழிலோ இருந்தால் அந்தப் பெண்ணின் படம் அதன் பலகையில் ஏறும். டயர் கடைப் பலகையில் கோல்கீப்பர். பேக்கரிப் பலகையில் இடது விங். எண்ணெய் மில்லில் ஷிஜி. மில் முதலாளி ரோசம்மா அவளுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாயும் கொடுக்கிறார். இது ஊர்க்காரர்கள் தாங்களாகவே உண்டாக்கிய ஏற்பாடு.

இன்னொரு வழக்கமும் உண்டு. அணியை விட்டுப் போகிறவள்தான் தன் இடத்துக்கு வரப்போகிறவளின் வீட்டுக்குப் பயிற்சியாளரான டீச்சருடன் போய்ப் பேச வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மாவிடம், நான் படுத்த அறைதான், நான் சாப்பிட்ட வீடுதான், பயப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஷிஜியும் அப்படி வந்தவள்தான். படிப்பு முடிந்து போனவர்கள் எல்லாரும் இதைச் செய்திருக்கிறார்கள். நடுவில் போனவர்கள் செய்ததில்லை. சென்ற வருடம் இரண்டு பேர் நடுவில் போனார்கள். அவர்களைக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

ஒன்பதே காலுக்கு மில் வாசலில் இறங்கினேன்.

அவள் சுவரிலிருந்து இருபது அடி தள்ளி நின்றிருந்தாள். வெறுங்கால். பந்து காலிலிருந்து போவதை நான் பார்க்கவில்லை. சுவரில் படும் சத்தம்தான் முதலில் கேட்டது. மூக்கில் பட்டுத் திரும்பி வந்தது. நிறுத்தாமல் இடது காலால் அடித்தாள். மறுபடி மூக்கு. வலது. மூக்கு. நாற்பது வரை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ணத் தோன்றவில்லை. நான் நிறைய மைதானங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சாதாரணமான முகத்துடன் இவ்வளவு துல்லியமான காரியத்தை யாரும் செய்து பார்த்ததில்லை.

களைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாம் வருடம் பொருளாதாரம். சொந்த ஊர் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், விளவங்கோடு. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு இல்லை, அப்போது கிடைத்த வேலை.

விஷயம் இதுதான். நகரத்தில் ஒரு பெரிய கல்லூரி. அதன் ஆட்டங்கள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. அதனால் ஒரு குளிர்பானக் கம்பெனி அந்தக் கல்லூரியின் ஆட்டக்காரிகளோடு விளம்பர ஒப்பந்தம் போடுகிறது. மாதம் பதினெட்டாயிரம், வாரம் இரண்டு ரீல். கல்லூரி ஒரு பைசா கொடுப்பதில்லை. ஆனால் அங்கே சேர்ந்தால்தான் கம்பெனிப் பணம். ஜூனில் சேர வேண்டும். கையெழுத்து இன்று, பிற்பகல் மூன்றரைக்கு.

இந்தப் பக்கமும் ஒரு கணக்கு. ஷிஜி போனால் பத்துப் பேர். ஜூனுக்குள் பதினொன்று ஆகாவிட்டால் பல்கலைக்கழகப் போட்டிக்கு அணி போகாது. போகாவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களை நிறுத்திவிடுவோம் என்று கல்லூரி சொல்லியிருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில்தான் பத்துப் பேரும் படிக்கிறார்கள்.

போகிறாயா என்று கேட்டேன். முழங்காலைக் காட்டினாள். பழைய காயம், அதன் மேல் புதியது. இங்கே மைதானம் விழுந்தால் தோலுரிக்கும் வெட்டுக்கல் மண்.

"சக்கறம் மட்டும் இல்ல அக்கா, கேட்டியளா. அங்க புல்லு உண்டு."

சக்கறம் என்றால் பணம். அவ்வளவுதான் சொன்னாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு ரோசம்மா ஒரு வாளியில் சுண்ணாம்பும் தென்னை மட்டையில் செய்த தூரிகையுமாக வெளியே வந்தார். அறுபது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, நெற்றியிலிருந்து அடிக்கத் தொடங்கினார். கம்பெனியிலிருந்து முந்தின நாள் போனில் செய்தி வந்திருக்கிறது: வேறு விளம்பரங்களில் அவள் படம் இருக்கக் கூடாது.

அவள் இன்னும் முடிவு சொல்லவில்லையே என்றேன்.

"சொல்லட்டு, சொல்லாமப் போட்டு," என்றார் ரோசம்மா. திரும்பிப் பார்க்கவில்லை. "அவளுக்கு போணும்னு தோணும்ப எனக்க சுவரு குறுக்க நிக்கப்பிடாது."

கண் போயிற்று. மூக்கு போயிற்று. மூக்கில் மண் கனமாக அப்பியிருந்ததால் அங்கே மட்டும் மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. ஷிஜி மைதானத்துக்குப் போயிருந்தாள். நல்லவேளை என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள். ரோசம்மா வாளியை ஓரமாக வைத்தார். மீன்கறியும் மரச்சீனிக் கிழங்கும் எடுத்து வைத்தார்கள். எனக்கும் சேர்த்து.

மூன்றரைக்குச் சரியாகக் கம்பெனி ஆள் வந்தார். இருபத்தைந்து இருபத்தாறு வயது, எறணாகுளத்துக்காரர், பணிவானவர். அணியின் பயிற்சியாளர் பிரீதா டீச்சரும் மற்ற பத்துப் பெண்களும் பயிற்சி முடித்து மில் முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். அவர் மலையாளத்தில் ஒப்பந்தத்தைப் படித்து விளக்கினார். நியாயமான தாளாகத்தான் இருந்தது. காயம் பட்டால் ஆறு மாதம் பணம் நிற்காது என்ற வரியை டீச்சர் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். படித்தார். வெள்ளைச் சுவரைக் காட்டி ரோசம்மாவுக்கு நன்றி சொன்னார்.

அங்கேதான் அது நடந்தது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. ரோசம்மா உள்ளே போய் இரண்டு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். எறணாகுளத்தில் இது கிட்டாது, கொண்டுபோங்கள் என்றார்.

அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். லேபிளில் ஷிஜி சிரித்துக்கொண்டிருந்தாள்.

 சுவரை நினைத்தவர்கள் யாரும் பாட்டிலை நினைக்கவில்லை. அவர் சங்கடப்பட்டார். இதுவும் கூடாது, இது இருக்கும்வரை கையெழுத்து வாங்க முடியாது என்றார். எத்தனை இருக்கிறது? மில்லில் பதினான்கு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு. ஐந்து கடைகளில் மிச்சம். ஆறு மணிக்கு அவர் பாறசாலையில் ரயில் ஏற வேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் வேறு ஒரு பெண்ணும் பட்டியலில் இருக்கிறாள் என்று தயங்கிச் சொன்னார்.

ஷிஜி எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அது நடந்திருந்தால் அணிக்கு நல்லது. அங்கிருந்த பத்துப் பேருக்கும் அது தெரியும். அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

முதலில் எழுந்தது கோல்கீப்பர், டயர் கடைப் பலகைக்காரி. பெட்டியைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தாள்.

"ஏட்டி, ஒனக்க மூஞ்சிய உரிச்சு எடுக்க எனக்கு ரெண்டு வருசமா ஆசை ஆக்கும்," என்றாள் ஷிஜியிடம்.

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். தண்ணீரில் ஊறவைத்தும் பசை விடவில்லை. ரோசம்மா ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். லேபிளில் எண்ணெயைத் தடவிச் சற்று விட்டால் முழுதாகக் கழன்று வருகிறது. கம்பெனி ஆளைக் கொண்டுவந்து விட்டிருந்த சசி, மிச்சப் பாட்டில்களை எடுத்துவர ஆட்டோவில் ஐந்து கடைகளுக்கும் போனார். நானும் உரித்தேன். டீச்சரும். கடைசியில் கம்பெனி ஆளும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஷிஜி தன் முகத்தைத் தானே நாற்பது ஐம்பது தடவை உரித்திருப்பாள். அவள் நிமிரவேயில்லை.

என்னால் இன்றுவரை அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. தங்கள் இடத்தையே ஆட்டம் காண வைக்கப்போகிறவளுக்காகப் பத்துப் பேர் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தார்கள். தியாகம் மாதிரி யாருடைய முகமும் இல்லை. கேலி, பாட்டு, போன சீசனில் யார் தவறவிட்ட பெனால்டி. வேலை நடந்தது. நான் படித்த எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தவில்லை.

ஐந்தேகாலுக்குக் கடைசிப் பாட்டில். ஷிஜி கையை மண்ணில் தேய்த்துக் கழுவி, பாவாடையில் துடைத்து, மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டாள். சசி கம்பெனி ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். லேபிள் இல்லாத இரண்டு பாட்டில்களை அவர் மடியில் வைத்திருந்தார்.

எல்லாரும் கலையும்போது பிரீதா டீச்சர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: நாளைக் காலை திருப்புறத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நன்றாக ஓடுகிறாளாம், பார்க்கப் போகிறேன், ஆறே முக்கால் பஸ். ஷிஜியைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காமல் இருக்கக் கவனம் எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது. ஷிஜி காலிப் பெட்டிகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தமிழ் போதும், மலையாளத்தில் பதில் வந்தாலும் பேச்சு நிற்காது. ஆரியங்கோடு பக்கம் தங்கும் விடுதியைத் தேடாதீர்கள். நெய்யாற்றின்கரையில் 900 ரூபாயிலிருந்து அறை கிடைக்கும். நான் ரோசம்மா வீட்டில் தங்கினேன், அதைத் திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை போனால் மைதானத்தில் ஆட்டம் இருக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. பிப்ரவரியிலேயே வெயில் கடுமை, தொப்பி வேண்டும். மில்லில் அரை லிட்டர் எண்ணெய் 230 ரூபாய். மில்லைத் தேடும்போது படத்தில் பார்த்த முகத்தைத் தேடாதீர்கள். வெள்ளைச் சுவர்.

பெரிய கல்லூரிமேல் எனக்குக் கோபம் இல்லை. கம்பெனிமேலும் இல்லை. அவளுக்குப் புல் வேண்டும். புல் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பதினெட்டாயிரம் ஒரு பெண்ணிடம் வரும்போது பதினோராவது இடம் ஒன்று காலியாகிறது, அது எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. அதை எழுதி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஞாயிறு காலை ஆறரைக்கு டீச்சரும் நானும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். திருப்புறத்திலிருந்து பூவார் பக்கம்தான் என்பதால் நானும் வருகிறேன் என்றிருந்தேன். டீச்சர் சாலையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் வரும் பக்கத்தை. மறுபக்கம் மில்.

ஆறு நாற்பதுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷிஜி நடந்து வந்தாள். தலை குளித்துப் பின்னியிருந்தாள். கையில் லேபிள் இல்லாத ஒரு பாட்டில்.

"அவளுக்க அம்மைக்க பேரு என்ன டீச்சரே?" என்று கேட்டாள்.

பஸ் வந்தது. மூன்று டிக்கெட் எடுத்தேன்.