தட்டச்சுக்காரி ஷிலேர் நடத்திய வாக்குச்சாவடி

வடக்கு ஈராக்கில், குர்துகள் வாழும் கோயா ஊரின் நகராட்சி அலுவலகத்தில் ஷிலேர் பதினாறு வருடம் தட்டச்சு செய்தாள். அடித்த கடிதமெல்லாம் அரபியில், போனதெல்லாம் பாக்தாதுக்கு. குடிநீர்க் குழாய், சாக்கடை, கடை உரிமம் என்று ஆரம்பித்த வேலை எண்பத்தெட்டில் வேறு மாதிரி ஆயிற்று. மலைக் கிராமங்களின் பெயர்களை வரிசையாக அடிக்கச் சொன்னார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கிராமங்களை ராணுவம் ஒவ்வொன்றாக இல்லாமல் ஆக்கியபோது அவளுக்குத் தானாகப் புரிந்தது. அதன் பிறகு ரொம்ப நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வேலையை விட முடியவில்லை. தம்பி பேஸ்தூனை வளர்த்தது அந்த வேலைதான்.

அவர்களுடைய அப்பா குர்துப் போராளியாக மலையில் இருந்தவர். எழுபத்தைந்தில், எங்கோ அல்ஜீரியாவில், ஈரான் மன்னரும் பாக்தாத்காரர்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஈரானிலிருந்து வந்துகொண்டிருந்த உதவி ஒரே நாளில் நின்றது. பின்னால் நிற்பதாகச் சொன்ன பெரிய நாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அப்பா துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு வருடம் கிட்டத்தட்ட ஊமையாகவே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து ஷிலேருக்கு ஒரு பழக்கம். ரேடியோவில் எந்தத் தலைவராவது எந்தத் தலைவரையாவது சந்தித்தார் என்று கேட்டால், எழுந்துபோய் அணைத்துவிடுவாள்.

தொண்ணூற்றொன்றில் எல்லாமே தலைகீழானது. குவைத் போரில் பாக்தாத் தோற்றது, வசந்தத்தில் குர்து ஊர்கள் எதிர்த்து எழுந்தன, மூன்றே வாரத்தில் ராணுவம் திரும்பி வந்தது. மழையில், சேற்றில், சனமெல்லாம் ஈரான் எல்லைக்கு ஓடியது. பிறகு ராணுவத்தைத் தடுக்க வானத்தில் வெளிநாட்டு விமானங்கள் சுற்றத் தொடங்கின. சனம் ஊர் திரும்பியது. அக்டோபரில் பாக்தாத் தன் அதிகாரிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது, சம்பளத்தையும் நிறுத்தியது. நகராட்சி மேலாளர் சாவியை ஷிலேரின் மேசையில் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் காரேறிப் போனார். பட்டினி போட்டால் இவர்கள் தானாகக் காலில் வந்து விழுவார்கள் என்பது பாக்தாத்தின் கணக்கு.

ஷிலேர் மறுநாள் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். சம்பளம் இல்லை, மின்சாரம் இல்லை, அந்தக் குளிர்காலத்தில் மண்ணெண்ணெயும் இல்லை. பருப்புக் கஞ்சியும் காய்ந்த ரொட்டியும்தான் சாப்பாடு. ஆனால் குழாயில் தண்ணீர் வந்தது, பள்ளிக்கூடம் நடந்தது. தங்களைத் தாங்களே ஆண்டுகொள்வது என்பது இப்படித்தான் இருக்கும்போல என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்லப் பயமாகவும் இருந்தது.

தொண்ணூற்றிரண்டு மே மாதம் தேர்தல் என்ற செய்தி வந்தது. குர்துகள் தாங்களே நடத்தி, தங்களுக்கென்று ஒரு நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். முப்பத்தெட்டு வயதில் ஷிலேருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாவடிகளுக்கான விதிமுறைத் தாளை அடிக்கும் வேலை அவளுக்கு வந்தது. இருந்ததோ அரபித் தட்டச்சுப் பொறி. குர்து மொழிக்கு வேண்டிய பல எழுத்துகள் அதில் கிடையாது. பொறியில் இருக்கிற எழுத்தை அவள் சைக்ளோஸ்டைல் மெழுகுத் தாளில் அடித்துவிட்டு, மேலே வரவேண்டிய சின்னத் தொப்பிகளையும் புள்ளிகளையும் தையல் ஊசியால் ஒவ்வொன்றாகக் கீறினாள். நாலு பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. தன் மொழியில் ஒரு அரசாங்கத் தாள், மை காயாமல் கையில் இருந்தபோது, அதை எல்லா அறைக்கும் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்துச் சாவடிக்கு அவளையே பொறுப்பாகப் போட்டார்கள். துணைக்கு ரஃபீக் என்ற பூகோள ஆசிரியர். பெரிய கட்சிகள் இரண்டு; நிறத்தை வைத்துப் பச்சை, மஞ்சள் என்பார்கள். இரண்டுக்கும் ஒவ்வொரு முகவர் உள்ளே உட்காரலாம்.

பதினேழாம் தேதி வாக்களிப்பு. முந்தின நாளே மலையிலிருந்து சனம் இறங்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் தேர்தல் தள்ளிப்போகிறது என்று தகவல் வந்தது. வாக்காளர் பட்டியல் என்று எதுவும் இல்லாத தேர்தல்; ஒருவர் இரண்டு முறை போடாமல் இருக்க விரல் மைதான் ஒரே வழி. வெளிநாட்டிலிருந்து வந்த அந்த மை, கழுவினால் போய்விடுகிறதாம்.

மை ஒரு சாக்கு, எங்கேயோ யாரோ மறுபடி கைகுலுக்கிவிட்டார்கள் என்றே ஷிலேர் நினைத்தாள். தெருவிலும் அதே பேச்சு. துருக்கி தடுத்துவிட்டது என்றார் ஒருவர்; அமெரிக்கா மனம் மாறிவிட்டது என்றார் இன்னொருவர். ஆனால் வந்த சனம் திரும்பிப் போகவில்லை. மசூதியிலும் பள்ளிக்கூட முற்றத்திலும் படுத்தார்கள். இரண்டாம் நாள் புது மை வந்தது. ஷிலேர் முதலில் தன் சுண்டுவிரலில் தடவி, சோப்புப் போட்டாள், எலுமிச்சை தேய்த்தாள், வெளுப்புத் தூளில் முக்கினாள். தோல் எரிந்ததே தவிர மை போகவில்லை. ரஃபீக் சாரிடம் விரலைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் தேதி விடிவதற்குள் வரிசை பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டிப் போயிருந்தது. பெண்கள் கல்யாணத்துக்கு உடுத்தும் சரிகை உடையில் வந்திருந்தார்கள். ஒரு கிழவரை மகன்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவர் சீட்டை மடித்துப் போட்டுவிட்டு, பெட்டிமேல் கையை வைத்தபடி நின்றுகொண்டார், நகரவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் கேலி செய்யத் தொடங்கிய பிறகுதான் மகன்கள் அவரைத் தூக்கிப் போனார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பேஸ்தூன் வந்தான். தக்தக் ஊருக்கு அப்பால், கிர்குக் சாலையில், பாக்தாத் ராணுவத்துக்கு எதிரே இருந்த காவல்மேட்டில் அவன் பச்சைக் கட்சிப் போராளி. தன் வாக்கைப் போட்டான், விரலை மையில் முக்கினான். பிறகு பையிலிருந்து இரண்டு அடையாள அட்டைகளை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"ஜூத்யாரும் சாமாலும் குடுத்தனுப்பினாங்கக்கா. மேட்டை விட்டு வர முடியல. அவங்களுக்கும் சேத்து நானே போட்டுடறேன்."

"முடியாது."

"யாருக்குப் போடணும்னு எனக்குத் தெரியும்க்கா. ஒண்ணாத்தான சாப்பிடறோம், ஒண்ணாத்தான படுக்கறோம்."

"தெரிஞ்சா என்ன? அவங்க கை வரணும், அவங்க விரல் வரணும்."

அவன் முகம் சிவந்தது. "அவங்க அங்க நிக்கறதாலதான் நீ இங்க பெட்டி வெச்சு உக்காந்திருக்க. அவங்களுக்கு ஓட்டு இல்லையா?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பச்சை முகவர், போகட்டுமே என்கிற மாதிரி பார்த்தார். மஞ்சள் முகவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஷிலேர் இரண்டு அட்டைகளையும் தம்பி கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ போட்டாச்சில்ல? போய் அவங்க இடத்துல நில்லு. கூட இன்னொருத்தனக் கூட்டிட்டுப் போ. அவங்கள இதே வண்டியில அனுப்பு. நான் பெட்டிய மூட மாட்டேன்."

"போய் வர மூணு மணி நேரம் ஆகும். வண்டில போறதுக்குத்தான் பெட்ரோல் இருக்கு, வர்றதுக்கு இல்ல."

வாசல் வரை நெருக்கி நின்ற வரிசைக்கு எல்லாம் கேட்டுவிட்டது. விஷயம் ஆள் மாறி ஆள் மாறித் தெருக்கோடி வரை போனது. பெட்ரோல் அப்போது மருந்துக்கும் கிடைக்காத காலம். சாயாக்கடைக்காரர் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பாதிதான் தேறும் என்றான் பேஸ்தூன். மஞ்சள் முகவர் கொஞ்ச நேரம் மீசையை இழுத்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கட்சி வண்டியிலிருந்து ஒரு கேனை இறக்கி, பேஸ்தூனின் காலடியில் தொப்பென்று வைத்தார்.

"பச்சைக்கு ரெண்டு ஓட்டு, என் பெட்ரோல்ல. எங்க ஆளுங்க கேட்டா என் தோலை உரிச்சிடுவாங்க. கிளம்புப்பா சீக்கிரம்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. வண்டி புழுதி கிளப்பிப் போனது.

அதற்குப் பிறகு ஷிலேருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீட்டு கொடுத்தாள், விரல்களை மையில் முக்கினாள், கண் மட்டும் வாசலில் இருந்தது. வழியில் வண்டி நின்றுவிட்டால்? ஆள் மாறும் நேரம் பார்த்து எதிரே இருக்கிறவன் சுட்டால்? தம்பியைத் தானே அனுப்பிவிட்டோமே என்று உள்ளுக்குள் நடுங்கியது. ஐந்து மணியானது. கூட்டம் குறையாததால் சாவடிகள் எல்லாம் நேரத்தை நீட்டின. அவளுடைய சாவடியில் வரிசை கரைந்துகொண்டே வந்து, ஆறேகாலுக்குக் கடைசிக் கிழவியும் போட்டாகிவிட்டது. கடைசி ஆள் போட்டதும் மூடவேண்டும் என்று விதியில் இருந்தது. அதை அடித்தவளே அவள்தான். ரஃபீக் சார் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பூகோள ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். தன் வாக்கை இன்னும் போடவில்லை என்று சொல்லி, பள்ளிக்கூட வாசலுக்குப் போய், ஒற்றை ஆளாக வரிசையில் நின்றுகொண்டார். ஒவ்வொரு அடியாக, ஊர்ந்து ஊர்ந்து வந்தார். இரண்டு முகவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் கதவருகே வருவதற்குள் தெருவில் ஹாரன் சத்தம். ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்த சனம் கைதட்டியது. துப்பாக்கியை வாசலில் சாத்திவிட்டு, தலை முதல் கால் வரை புழுதியோடு ஜூத்யாரும் சாமாலும் உள்ளே வந்தார்கள். மேட்டில் அமைதிதான், பேஸ்தூன் நன்றாக இருக்கிறான் என்று சொன்ன பிறகுதான் ஷிலேருக்கு மூச்சு வந்தது. இருவருக்கும் சீட்டை நீட்டினாள்.

போட்டுவிட்டு வெளியே வந்த ஜூத்யாரிடம் மஞ்சள் முகவர், பெட்ரோலுக்காவது நன்றி சொல்லக் கூடாதா என்று வம்புக்கு இழுத்தார். ஜூத்யார் சுற்றும் முற்றும் பார்த்தான். சாமால் தூரத்தில் இருந்தான்.

"நன்றி பெட்டிக்குள்ள இருக்குண்ணே. எங்க மாமா உங்க வேட்பாளர் பட்டியல்ல நிக்கறார். பேஸ்தூன்கிட்ட சொல்லிடாதீங்க, ராத்திரிக் காவல் பூரா என் தலையில கட்டிடுவான்."

மஞ்சள் முகவர் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். ஊர்வாயை மூட முடியுமா? மூன்றாம் நாள் பேஸ்தூனுக்குத் தெரிந்துவிட்டது. நேரே அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அவள் தேநீரும் தயிரும் ரொட்டியும் வைத்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். அன்றைக்கு அவள் அட்டைகளை வாங்கியிருந்தால், தன்னோடு காவல் நிற்கிறவனின் ஓட்டைத் தானே திருடியிருப்போமே என்று கடைசியில் முணுமுணுத்தான். அவள் அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

எண்ணி முடித்தபோது பச்சையும் மஞ்சளும் கிட்டத்தட்டச் சரிபாதியாக நின்றன. எந்த நாடும் இந்த நாடாளுமன்றத்தை அங்கீகரிக்கவில்லை. பக்கத்து நாடுகள் முறைத்தன. இரண்டு கட்சிகளும் பின்னால் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் கெட்ட காலமும் வரவே செய்தது. ஆனால் அடுத்து வந்த ஜூனில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. எர்பிலில் கூடும் நாடாளுமன்றத்துக்குத் தட்டச்சுக்காரி வேண்டும் என்று ஷிலேருக்கு ஆள் அனுப்பினார்கள். பேஸ்தூன்தான் வண்டி ஓட்டினான். ஊருக்கு வெளியே மலைச் சாலை ஏறும்வரை, மஞ்சளோடு பாதிப்பாதி பிரித்துக்கொள்வதெல்லாம் ஒரு அரசாங்கமா என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

"சாலையப் பாத்து ஓட்டுடா. அங்க நான் போய்ச் சேரணும்," என்றாள் ஷிலேர்.