மணியைக் கூப்பிட்டது நான்தான்

என்னோடு வேலை பார்க்கும் தமிழாசிரியை செல்விக்குக் கண் தெரியாது. எட்டு வருடமாகக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கு என் தோளைப் பிடித்துத்தான் வருவாள். பிறகு, வழிகாட்டப் பழக்கிய நாய் மணி வந்தது. “இனி உங்களுக்குச் சிரமம் இல்லக்கா” என்றாள் சந்தோஷமாக. எனக்கு வயிறு எரிந்தது. அவளோடு நடப்பதையே விட்டுவிட்டேன்.

ஒருநாள் எதிரே இருவரும் வந்தார்கள். நாயாவது என்னிடம் வரட்டுமே என்று கடலை மிட்டாயை நீட்டி, “மணி, இங்கன வா” என்று தலையைத் தடவினேன். அது என்னையே பார்த்தபடி நகர்ந்ததில், சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தைக் கவனிக்கவில்லை. செல்வி விழுந்தாள். உள்ளே நட்டிருந்த கம்பி அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

தூக்கிவிட்டு, “பொறாமைல செஞ்சுட்டேன் செல்வி” என்று அழுதேன்.

முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: “அது வேலையில இருக்கும்போது தொடாதீயன்னு சொன்னேம்லா? நாயி வழிதான் காட்டும். பேசிக்கிட்டு வருமாக்கா? நீங்கதான் ஒரு மாசமா வரமாட்டுக்கீய.”

இப்போது அவளுக்கு மறுபக்கம் நடக்கிறேன். பள்ளியில் அவள் பிடித்துவரும் வாரைக் கழற்றும்வரை மணியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. யாராவது கொஞ்ச வந்தால், “தொடாதீங்க அண்ணாச்சி, அது வேலையில இருக்கு” என்று நானே குறுக்கே நிற்கிறேன்.