லாட்ஜ் துணியில் தைத்த புத்தகப் பை

எங்கள் வீட்டில் அதற்கு ஜீன்ஸ் என்று பேர் கிடையாது. லாட்ஜ் துணி என்றுதான் சொல்லுவோம். எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். மலையைப் பார்த்துக்கொண்டே மாசக்கணக்கில் தங்குவார்கள். போகும்போது கிழிந்த பேண்ட்டை ரூமிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முட்டி கிழிந்திருக்கும், கால் ஓரம் நைந்து நூல் தொங்கும். மற்றபடி துணி இரும்பு மாதிரி இருக்கும். "எடுத்துட்டுப் போய்யா, ரூம் காலியானா சரி" என்பார் மேனேஜர். இவர் சுருட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்துவிடுவார்.

அவர் போட்டுக்கொள்ள மாட்டார். அடுத்தவன் அவிழ்த்துப் போட்டதை உடம்பில் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவ்வளவு நல்ல துணி மூலையில் சும்மா கிடக்கிறதே என்று எனக்குத்தான் மனசு கேட்காது.

எங்கம்மா எனக்குச் சீராகக் கொடுத்த கைத் தையல் மெஷின் ஒன்று இருந்தது. அடி அண்ணாமலையில் நிலத்தில் பாடுபட்ட குடும்பம் எங்களுடையது. என்னை மூணாவதோடு நிறுத்திவிட்டார்கள். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். பஸ் போர்டை நான் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் ஒரு துணியைப் பார்த்தால் அது எதுக்கு ஆகும் என்று என் கண் சொல்லிவிடும். அதை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

லாட்ஜ் துணியில் நான் தைக்காதது கம்மி. சோத்துப் பானை இறக்கப் பிடிதுணி, இவர் சைக்கிள் சீட்டுக்கு உறை, தண்ணிக் குடத்துக்கு இடுப்பில் வைக்கிற மெத்தை, எல்லாம் அதிலேதான். ஜிப்பை அப்படியே பிரித்துத் தலைகாணி உறைக்கு வைத்தேன். எங்கள் தெருவில் ஜிப்பு வைத்த தலைகாணி என் வீட்டில்தான் முதலில் வந்தது.

தைக்கிறது லேசில்லை. துவைத்தால் கல் மாதிரி கனக்கும். மெஷினில் விட்டால் தையல் மேல் தையல் வருகிற இடத்தில் ஊசி பட்டென்று முறியும். தேரடி வீதி டெய்லர் கடையில் கேட்டு தடித்த ஊசி வாங்கிவந்தேன். அதுவும் முறிந்தது. அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மொத்தமான இடத்தை அம்மியில் வைத்துக் குழவியால் நாலு போடு போட்டால் தட்டையாகிவிடும். அதன் மேல் துணி துவைக்கிற ஈரச் சவுக்காரத்தை ஒரு இழுப்பு இழுத்தால் ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும். பக்கத்து வீட்டில், "இன்னா, துணிய அரைச்சு கொழம்பு வெக்கிறியா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்று இடிப்பேன்.

என் பெரிய பெண் ஆறாவது சேர்ந்த வருசம் புத்தகம் ஜாஸ்தியாகிவிட்டது. மஞ்சப்பையின் காது பிய்ந்து வந்தது. சரி என்று ஒரு லாட்ஜ் துணியை எடுத்தேன். காலை வெட்டிவிட்டு, வெட்டின பக்கத்தை அடியாக மூடித் தைத்தேன், இடுப்பு பைக்கு வாயாச்சு. பெல்ட் கோர்க்கிற காதுகளில் பட்டி விட்டுத் தோளில் மாட்டுகிற மாதிரி செய்தேன். பின்னால் இருந்த ரெண்டு பாக்கெட்டும் வெளியே அழகாகத் தெரிந்தது. ஒன்றில் பேனா, ஒன்றில் ஸ்கேல். இப்போதும் சொல்கிறேன், பை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளே அழுதுகொண்டு வந்தாள். போகிற வழியில் பசங்கள் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. வாசலில் நின்ற கூட்டம், "டேய், குண்டிப்பை வருதுடா" என்று சொல்லியிருக்கிறது. ஒருத்தன் ஓடிவந்து பையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

எனக்கு ஆத்திரம். அடுத்த நாள் பையை என் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு போனேன். கூட்டம் நின்றது. "எவன்டா அவன்? ஆமாண்டா, குண்டித் துணிதான். உங்க வூட்ல அது உக்காரத்தான் ஆவுது, எங்க வூட்ல புஸ்தகம் சுமக்குது" என்று சொன்னேன். பசங்கள் கப்சிப். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பெண் அந்தப் பக்கத்துச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு, யாரோ போல நடக்கிறாள். சாயந்திரம் வந்து, "நீ ஏம்மா வந்த? இப்போ எங்க கிளாஸுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றாள். அன்றையிலிருந்து புத்தகத்தை மாரோடு அணைத்துக்கொண்டு போனாள்.

என் நாத்தனார் பக்கத்துப் போர்ஷனில் இருந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. தாய் இல்லாத தம்பியை வளர்த்தவர். அதனால் அவர் வாய் திறந்தால் இவர் வாய் திறக்க மாட்டார். அவர் வந்து பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது. புஸ்தகம்னா சரஸ்வதி. தெரியாம கால் பட்டாக்கூட எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிறோம். எவனோ உக்காந்து எழுந்த துணியில அத வெப்பியா?"

"சாக்குல அரிசி வெக்கிறோம் அண்ணி. அந்தச் சாக்கு எங்கெங்க கெடந்துச்சுன்னு யாரு பாத்தா?"

"அரிசி வேற, அட்சரம் வேற" என்றார்.

பெண் அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காலாண்டுப் பரிட்சையில் கணக்கு சரியாக எழுதவில்லை. பைதான் காரணம் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். லீவு விட்ட அன்று, "ஸ்கூலு திறந்தா நான் போவலம்மா. அந்தப் பையோடயும் போவ மாட்டேன், பிஞ்ச பையோடயும் போவ மாட்டேன்" என்றாள்.

"போவலன்னா வுடு. வயசுக்கு வந்தா நிறுத்தத்தான் போறோம். இப்பவே நின்னா வூட்டு வேலையாவது படியும்" என்றார் நாத்தனார். இவர் தலையைக் குனிந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னை நிறுத்தினபோதும் இப்படித்தான், யாரும் அதட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு நாள் மாடு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள். அந்த ஒரு நாள் அப்படியே நீண்டுவிட்டது. இவளும் இந்த லீவில் நின்றால் நின்றதுதான். அது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியவில்லை.

பையைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். லாட்ஜ் துணியின் சொந்தத் தையல் இருக்கிறதே, அதைப் பிரிக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் தனியாக மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுப் பெண்ணும் வந்து ஒரு ஓரத்தைப் பிடித்தாள். பாக்கெட்டைப் பிரித்ததும் அதன் அடியில் துணி கருநீலமாக, புதுசு மாதிரி இருந்தது. "இதாம்மா இதோட நெஜக் கலரு" என்றாள். பிரித்ததை எல்லாம் துவைத்துக் கொடியில் போட்டோம். உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போட்டேன். உள்பக்கம் வெளிறி இருக்கும், அதை வெளியே வைத்துத் தைத்தால் யாருக்கும் தெரியாது என்று என் கணக்கு.

நாத்தனார் வந்தார். "இது இன்னா துணி, ஜமக்காளம் பண்ணப் போறியா?" என்று கேட்டார்.

பெண் சிரித்துவிட்டாள். "அத்தை, அந்தப் பேண்ட்டுதான் இது. இதுல எது காலு, எது குண்டி, நீயே சொல்லு."

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். சவுக்கார வாசனைதான் வந்திருக்கும். "வாய் நீளுது இவளுக்கு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "மஞ்சத்தண்ணியில ஒரு தரம் அலசிடு. தீட்டு போனா சரி" என்றார்.

அவ்வளவு இறங்கிவந்ததே பெரிசு. குண்டானில் மஞ்சளைக் கரைத்து, பைக்கு வேண்டாத பாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு மற்றத் துணியை முக்கினேன். எடுத்தால் நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை, குளத்துப் பாசி மாதிரி ஒரு பச்சை. என்னடா இது என்று இருந்தது. காய்ந்தால் சரியாகும் என்று விட்டேன். காய்ந்தும் பச்சைதான்.

சரஸ்வதி பூஜைக்கு முன்னால் முடிக்க வேண்டும். பூஜை அன்று மெஷினைத் தொடக்கூடாது. குழவியால் இடித்தேன், எப்போதும் போல ஈரச் சவுக்காரத்தை ஓரத்தில் இழுத்தேன். இழுத்த இடமெல்லாம் சிவந்துபோனது. மஞ்சளில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்று தெரியாதவளா நான்? தினம் மஞ்சள் துணி துவைக்கிறவள். கைப் பழக்கத்தில் இழுத்துவிட்டேன். பாதி ஓரம் சிவந்த பிறகு என்ன செய்வது? மீதி ஓரத்திலும் அதே மாதிரி இழுத்தேன். பாசிப் பச்சையில் நாலு பக்கமும் சிவப்புக் கோடு.

பெண் கையில் எடுத்துப் பார்த்தாள். "பார்டர் வெச்ச மாதிரி இருக்கும்மா" என்றாள். அவள் முகத்தை அப்போது நான் நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் எங்கே மாறிவிடுவாளோ என்று நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

பூஜை அன்று நாத்தனார்தான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். மெஷினுக்கு வைத்தார், அரிவாள்மணைக்கு வைத்தார். பலகையில் புத்தகத்தோடு பையும் இருந்தது. பெண்தான் கொண்டுவந்து வைத்திருந்தாள். நான் அடுப்பங்கரையிலிருந்து பொரியைக் கொண்டுவருகிற சாக்கில் பார்த்தேன். அவர் விரல் பைக்கு மேல் நின்றது. "மஞ்சளும் இருக்கு, செவப்பும் இருக்கு. நான் வேற எதுக்கு வெக்கணும்" என்று முணுமுணுத்தார். ஆனாலும் வைத்தார், கொஞ்சம் பெரிசாகவே வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. பலகையில் வைத்த புத்தகத்தை எடுத்துக் கொஞ்சமாவது படிக்க வேண்டும், நானும் மெஷினில் நல்ல நாளுக்கு ரெண்டு தையலாவது போட வேண்டும். அவள் சத்தமாகப் படித்தாள். நான் சும்மா ஒரு துண்டுத் துணியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் படிப்பதை நிறுத்திவிட்டு, பிரித்துப் போட்டிருந்த அந்தப் பின் பாக்கெட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

"இத வெளியில வெச்சுத் தைம்மா. ஸ்கேல் வெக்க எடமில்ல."

"அடியே, அத வெச்சா பேண்ட்டுன்னு தெரிஞ்சுபோவும்."

"தெரிஞ்சா தெரியட்டும். ஒளிச்சாலும் அதே பேருதான் சொல்லுவானுங்க."

பாசிப் பச்சைப் பையின் மேல் அந்த நீலப் பாக்கெட்டை வைத்து மூன்று பக்கமும் தையல் ஓட்டினேன். அவள்தான் மெஷின் கைப்பிடியைச் சுற்றினாள். சுற்றுவதற்கு இவ்வளவு வேகம் வேண்டாம்டி என்று சொன்னேன், கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று, நீ வராதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் வரவில்லை, முக்கில் இருந்த பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கத்தான் போனேன். பசங்கள் கூட்டம் வாசலில் அதே இடத்தில் நின்றது. ஒருத்தன் என்னவோ சொன்னான். அவள் நடந்துபோனவள் நின்றாள். பையை முன்னால் இழுத்துப் பாக்கெட்டிலிருந்து ஸ்கேலை எடுத்து, அவன் பின்பக்கத்தை அளக்கிற மாதிரி நீட்டி ஏதோ சொன்னாள். அவ்வளவு தூரத்துக்கு எனக்குக் கேட்கவில்லை. கூட்டம் மொத்தமும் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தது. அவள் ஸ்கேலைப் பழையபடி செருகிக்கொண்டு போய்விட்டாள்.

சாயந்திரம், "இன்னாடி சொன்ன அவன?" என்று கேட்டேன்.

"நீ எங்க பாத்த?" என்றாள்.

"வெத்தல வாங்கப் போனேன்."

"ஒண்ணும் சொல்லலம்மா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் ஒரு நாள்கூடப் போக மாட்டேன் என்று சொன்னதில்லை. நாத்தனாரும் நிறுத்துகிற பேச்சை எடுக்கவில்லை. என் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளை எடுக்கிற வயசு. இன்றைக்கும் அவனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டுப் பார்க்கிறேன். "அதெல்லாம் பெத்த தாய்கிட்ட சொல்ற மாதிரி வார்த்த இல்லம்மா" என்கிறாள்.